மெல்லச் சொல்லும் ஊர்

நான் பிறந்த விஸ்கான்சினில் இரண்டு விஷயங்களை யாரும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டார்கள். ஒன்று, ராத்திரி எவ்வளவு பனி கொட்டியது. இன்னொன்று, யார் செத்தார்கள். பெட்ரோல் பங்கில் நிற்கும்போதே, "ஹாரிஸ் கிழவர் காலையில போயிட்டார், வெள்ளிக்கிழமை அடக்கம்" என்று சொல்லிவிடுவார்கள். கேட்டவர் "அடப்பாவமே" என்பார், காப்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போவார். நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் மாட்டுக் கொட்டகையில் தனியாக நின்று அழுவார்கள். அழுவதற்கு அங்கே அதுதான் இடம்.

அல்பேனியாவில் நான் வேலைக்கு வந்து சேர்ந்த கோர்ச்சா ஊரில் கதையே வேறு. இங்கே சாவுச் செய்தியை யாரும் போட்டு உடைப்பதில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த லெஃப்தேரியின் அண்ணன் கிரீஸில் இறந்துபோனபோது, "ரொம்ப உடம்பு முடியலையாம், உன்னைப் பாக்கணும்னு சொல்றாராம்" என்றுதான் அவளிடம் சொன்னார்கள். பஸ் ஏறும்போதே அவள் கறுப்பு உடுத்தியிருந்தாள். திரும்பி வந்த பிறகு நான் அவளிடம் கேட்டேன், சொல்லாமலே எப்படித் தெரிந்தது என்று.

"நிஜமாவே முடியலன்னா, லேசா ஜலதோஷம்னு சொல்லியிருப்பாங்க. ரொம்ப முடியலன்னு சொல்றாங்கன்னா எல்லாம் முடிஞ்சு, பெட்டி வாங்க ஆள் போயாச்சுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம நீ அமெரிக்காவுல என்னத்தப் படிச்சே பொண்ணே?"

நான் சிரித்தேன். ஊருக்குப் போன் பேசும்போது அப்பாவிடம்கூடச் சொன்னேன். அவரும் சிரித்தார். "எல்லாத்தையும் ஒரு படி இறக்கிச் சொல்றாங்க. நம்ம ஊர் பால் கம்பெனி கணக்கு எழுதற மாதிரி" என்றார்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கை கால் சரியாக வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஊரில் ஒரு சின்ன மையம் இருந்தது. புதன்கிழமை மட்டும் நெஸ்தி ஓட்டும் வேனில் மலைக் கிராமங்களுக்குப் போவேன். தங்கியிருந்தது மரிகோ அத்தை வீட்டில். அத்தை பாலர் பள்ளியில் சமையல்காரி. புருஷன் பெத்ராக் மாமா மர அறுவை மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர், நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மகள் ஓர்னேலா மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது அவளுக்கு மட்டும். நன்றாகவே தெரியும்.

மரிகோ அத்தையின் அன்பு சத்தமான அன்பு. நான் வெறுங்காலோடு தரையில் நடந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"செருப்புப் போடுடி! கால் வழியா குளிர் ஏறி கர்ப்பப்பை உறைஞ்சு போயிடும். அப்புறம் பிள்ளை எங்கிருந்து பொறக்கும்?"

"முதல்ல பிள்ளைக்கு அப்பன் வேணுமே அத்தை."

"ஏன், பல்லெல்லாம் வரிசையா இருக்கு, சம்பளம் வருது. பாக்கறவன் கண்ணுலதான் ஏதோ கோளாறு."

இரண்டாவது குளிர்காலத்தில் அப்பாவின் நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. அப்பா பெயர் ரோலண்ட். பால் டேங்கர் ஓட்டியவர். எங்கள் சின்ன வயதிலேயே அம்மா எங்களை விட்டுப் போய்விட்டாள்; என்னையும் அண்ணன் கர்ட்டையும் ஆளாக்கியது அவர்தான். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். "வந்து என்ன பண்ணப்போற? நான் இருமறதை எண்ணப்போறியா? அந்தப் பிள்ளைங்களைப் பாரு" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

ஞாயிறுதோறும் தபாலாபீஸ் பக்கத்து டெலிபோன் கடையிலிருந்து கூப்பிடுவேன். அவர் ஊரில் என்ன குளிர், என் ஊரில் என்ன குளிர், என்ன சாப்பிட்டாய், இவ்வளவுதான் பேச்சு. கடைசியில், "மான் குறுக்க ஓடும், பாத்துப் போ" என்பார். எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது எல்லோரும் சொல்வது. கோர்ச்சாவில் என் குறுக்கே ஓடக்கூடியது லெஃப்தேரி ஒருத்திதான் என்று சொன்னால் இருமி இருமிச் சிரிப்பார்.

அவர்மேல் எனக்கு உயிர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதை வாயால் சொல்லிப் பழகவில்லை. சொன்னால், "என்ன, டாக்டர் நாள் குறிச்சுட்டாரா?" என்று கேட்பார். ஆனால் அவர் போவதற்குமுன் ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும், அவர் அதற்கு என்ன பதில் சொல்கிறார் என்று கேட்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அது எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. கர்ட்டிடம் சத்தியம் வாங்கினேன்.

"மோசமானா அன்னிக்கே சொல்லு கர்ட். நேர்ல வர முடியலன்னாலும் போன்லயாவது பேசணும். அவருக்கு நினைவு இருக்கறப்பவே."

"சொல்றேன் ஜெனெல். மறைக்க மாட்டேன்."

மறைக்கவில்லை. கர்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

பிப்ரவரி மாதம். திங்கட்கிழமை என் கைப்பேசி, மையத்தில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வாளியில் விழுந்தது. ரிப்பேர் கடைக்காரன் நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். புதன்கிழமை நான் மலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் தாண்டி மரிகோ அத்தை வீட்டுப் போன் அடித்திருக்கிறது. ஓர்னேலா எடுத்தாள். என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு இரண்டு பக்கமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கர்ட் சொன்னது இது: "அப்பாவுக்கு ரொம்ப முடியல. நினைவு தெளிவா இருக்கு. ஜெனெல்கிட்டப் பேசணும்னு கேட்டுக்கிட்டே இருக்கார். வந்ததும் உடனே கூப்பிடச் சொல்லுங்க."

ஓர்னேலா ஒரு வார்த்தை பிசகாமல் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். மரிகோ அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் அறைந்துகொண்டாள்.

"ஐயோ, போயிட்டாரா மனுஷன்!"

அந்த வீட்டில் ஒருவருக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை. ரொம்ப முடியலையாம், மகளிடம் பேச வேண்டுமாம். லெஃப்தேரிக்குச் சொன்னது போலவே. நினைவு தெளிவாக இருக்கிறது என்றதை, பையன் பாவம் ஆறுதலுக்குச் சேர்த்துச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். "குரல்கூட நடுங்கல அம்மா, அவ்வளவு நிதானமாச் சொன்னாரு" என்றாளாம் ஓர்னேலா. அதைக் கேட்டதும் அவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. உயிரோடு இருப்பவருக்காகத்தானே குரல் நடுங்கும்!

கர்ட் அப்படித்தான் பேசுவான். பால் விலை சொல்கிற குரலில்தான் அவன் கல்யாணத்தையும் சொன்னான்.

செய்தி உறுதியானதும் மற்ற வேலைகள் முறைப்படி நடந்தன. வழிநடந்து வந்தவளிடம் சொல்லக் கூடாது. வெறும் வயிற்றோடு இருப்பவளிடம் சொல்லக் கூடாது. இருட்டுகிற நேரத்தில் சொல்லவே கூடாது. விடியட்டும், நாலு பேர் கூட இருக்கட்டும். போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கியது பெத்ராக் மாமா.

"அந்த ஊர்க்காரங்க பட்டுனு சொல்லிடுவாங்க. பொண்ணு நின்ன இடத்துலயே விழுந்துடுவா" என்றாளாம் அத்தை.

அன்று சாயங்காலம் நான் சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். மலையில் ஒரு பெண்குழந்தை முதல் தடவையாகக் கரண்டியைத் தானே பிடித்து வாய்க்குக் கொண்டு போயிருந்தாள். பாதி கழுத்தில் கொட்டியது, பாதி உள்ளே போனது. வழியெல்லாம் நெஸ்தியிடம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவன், "தங்கச்சி, எங்க வீட்டுல என் மச்சானுக்கு நாப்பது வயசு, அவனுக்கும் இன்னும் பாதி கழுத்துலதான் போகுது" என்று சிரித்துக்கொண்டே வந்தான். வாசலில் பெத்ராக் மாமா நின்றிருந்தார். நெஸ்தியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நெஸ்தி தொப்பியைக் கழற்றினான். என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வண்டி விஷயமாக ஏதோ இருக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே விருந்து தயாராக இருந்தது. மாவுக்குள் வெங்காயத்தாள் வைத்துச் சுட்ட பெரிய லக்ரோர் அடை, வெள்ளைப் பாலாடைக்கட்டி, கோழி. புதன்கிழமையில் கோழியா என்று கேட்டேன். டிவியின்மேல் மேசை விரிப்பு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள்.

"டிவிக்கு என்னாச்சு அத்தை?"

"கெட்டுப்போச்சு."

"ஐயையோ! அந்த பிரேசில் சீரியல் டாக்டர் அவளைக் கட்டிக்கிட்டானா இல்லையான்னு தெரியாம நீங்க எப்படித் தூங்குவீங்க?"

ஓர்னேலா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அத்தை என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"எனக்கு யாராவது போன் பண்ணாங்களா?" என்று கேட்டேன். கைப்பேசி கெட்டதிலிருந்து தினமும் கேட்கும் கேள்விதான்.

"யாரும் இல்ல. சாப்பிடு."

லெஃப்தேரி கிண்ணத்தில் சீமைமாதுளை ஜாம் கொண்டுவந்தாள். ஒன்றும் பேசாமல் என் உச்சியில் முத்தம் வைத்துவிட்டு மாடியேறிப் போனாள். லெஃப்தேரி பேசாமல் போனதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. குழந்தை கரண்டி பிடித்த செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது போல என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன். எனக்காகவா இவ்வளவும் என்று மனம் குளிர்ந்துபோய் மூன்று துண்டு லக்ரோர் சாப்பிட்டேன்.

அப்போது விஸ்கான்சினில் நண்பகல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்லி, போன் இருந்த பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாராம் அப்பா. அந்த மூன்று துண்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காலையில் எழுந்து வந்தபோது பெத்ராக் மாமா சவரம் செய்திருக்கவில்லை. ஒருநாளும் தவறாதவர். கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டிருந்தார்கள். கண்ணாடிமேல் துப்பட்டி தொங்கியது. அத்தை, லெஃப்தேரி, பக்கத்துக் கட்டடத்துப் பெண்கள், எல்லோரும் கறுப்பில். என் காலில் செருப்பு இல்லை. அத்தை அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஜெனெலா, உன் அண்ணன் போன் பண்ணினான். உன் அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம்."

புதிதாக வந்த அமெரிக்காக்காரியாக இருந்திருந்தால், "அப்படியா, இதோ கூப்பிடறேன்" என்று போனைத் தேடி ஓடியிருப்பேன். நான் புதியவள் இல்லையே. இரண்டு வருஷத்தில் இந்த ஊர்ப் பேச்சை எல்லாம் கற்றுக்கொண்டவள். அதில் பெருமை வேறு. அத்தை வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா போய்விட்டார். நான் நின்ற இடத்தில் மடங்கி உட்கார்ந்தேன். லெஃப்தேரி பெருங்குரலெடுத்து அழுதாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் கேட்டேன். "எப்ப போன் வந்துச்சு?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தே ஏன் சொல்லல? நான் கேட்டேனே அத்தை! யாராவது பண்ணாங்களான்னு கேட்டேனே!"

"சொல்லியிருந்தா? பச்சைத் தண்ணி பல்லுல படாம, ராத்திரி பூரா சுவத்துல முட்டிக்கிட்டு அழுதிருப்ப. போனவர் எங்கம்மா போயிடப் போறாரு? நீ ஒரு ராத்திரியாவது தூங்கினியே."

கர்ட்டைக் கூப்பிட வேண்டும் என்றேன். ஓர்னேலா என் தோளைத் தொட்டு, "அங்க இப்ப நடுராத்திரி. அழுது அழுது இப்பத்தான் கண்ணசந்திருப்பாரு. விடியட்டும் அக்கா" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், கர்ட்டின் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. எப்போது போனார், வலி இருந்ததா, என்னைக் கேட்டாரா என்ற விவரமெல்லாம் ஒரு நாள் தள்ளி வந்தால் போதும் என்று இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அதனால் உட்கார்ந்தேன். சாவு வீட்டுக்குரிய நாற்காலியில், ஜன்னலுக்குப் பக்கத்தில், அத்தையின் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு. ஊர் வந்தது. மையத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் வந்தார். கைப்பேசி ரிப்பேர்காரன்கூட வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும், நீங்க நீண்ட நாள் இருங்க" என்று சொல்லி சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். அவர்களில் யாரும் என் அப்பாவைப் பார்த்ததில்லை. எல்லோரும் நிஜமாகவே அழுதார்கள்.

"எப்படிப்பட்ட மனுஷன், சொல்லும்மா" என்று கேட்டார்கள். கேட்பது வழக்கம், சொல்ல வேண்டும். சொன்னேன். பால் டேங்கர் ஓட்டியதைச் சொன்னேன்.

"ஐயோ, ஊருக்கெல்லாம் பால் குடுத்த கை!" என்று லெஃப்தேரி அரற்றினாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னுவதற்கு அவர் கயிற்றை வைத்து ராத்திரியில் பழகியதைச் சொன்னேன். பள்ளிக்கூட நாடகத்துக்கு டேங்கரோடு வந்து, நிறுத்த இடமில்லாமல், எஞ்சின் ஓட ஓட வாசலில் நின்று பார்த்ததைச் சொன்னேன். அவர் என்றால் எனக்கு உயிர் என்று சொன்னேன். முதல் தடவையாக, அல்பேனிய மொழியில், பதினைந்து பெண்களிடம். சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது!

நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கண் விழித்துக் காத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தாண்டி, அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, பெத்ராக் மாமா வெளிநாட்டுக்குப் பேசும் கார்டு வாங்கிவந்தார். போனைச் சுவரில் செருகி என் மடியில் வைத்தார். அடக்கம் எந்த நாள் என்று கேட்கத்தான் நான் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்க போய்த் தொலைஞ்ச நீ?"

"கர்ட்..."

"நேத்து பூரா அடிக்கிறேன். மணி போய்க்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. அவர் ராத்திரி பூரா தூங்கல ஜெனெல். நர்ஸ் கதவைத் திறந்தாக்கூட, 'ஜெனெல்தானா?'ன்னு கேட்டார். போனை அவர் கையிலேயே குடுத்து வெச்சிருந்தேன். விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கண்ணை மூடினார். இப்ப கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார்."

எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிந்தது. புரிந்ததை உள்ளே விட முடியவில்லை.

"இருக்காரா?"

"என்ன கேள்வி இது? மூச்சு இருக்கு. இன்னிக்குப் பொழுது தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா காது கேக்குமாம். பேசறியா?"

"காதுல வை. வை கர்ட், சீக்கிரம் வை!"

அவருடைய மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு. "அப்பா" என்று கத்தினேன். "அப்பா, நான்தான். இங்கதான் இருக்கேன். நான் பேசறேன் அப்பா!"

கூடத்தில் இருந்த பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த ஓர்னேலா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் செத்தவரை நேராகக் கூப்பிட்டுத்தான் ஒப்பாரி வைப்பார்கள்: எழுந்து வா, என்னிடம் பேசு, ஏன் என்னை விட்டுப் போனாய். காலையிலிருந்து வாய்விட்டு அழாத பெண் இப்போதுதான் அப்பாவைக் கூப்பிட்டு அழுகிறாள் என்று அவர்களுக்கு மனம் இளகிவிட்டது. லெஃப்தேரி ஒப்பாரியின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள். கூடமே சேர்ந்து அழுதது.

நான் கையை வீசி நிறுத்தச் சொன்னேன். துக்கத்தில் கையை வீசுகிறேன் என்று மரிகோ அத்தை பின்னாலிருந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"யாரு அது? அங்க யாரு அழறாங்க?" கர்ட்டின் குரல்.

"பக்கத்து வீட்டுக்காரங்க."

"எதுக்கு?"

"காதுலயே வை, எடுக்காத" என்று கத்தினேன். சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை அந்தக் கூச்சலுக்கு மேலே எழும்பிச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, தொண்டை கிழியும்வரை. அவர் காதில் என் குரல் விழுந்ததா, உயிரோடு இருக்கும்போதே அவருக்கு வைத்த ஒப்பாரி விழுந்ததா, தெரியாது. பிறகு கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

பெத்ராக் மாமா அந்தப் பனியில் கோட்டுகூடப் போடாமல் ஓடிப்போய் இன்னொரு கார்டு வாங்கிவந்தார். மறுபடி கூப்பிட்டபோது கர்ட், "முடிஞ்சுது" என்றான். பால் விலை சொல்கிற குரல்தான். கடைசி எழுத்தில் மட்டும் உடைந்தது.

போனை வைத்தேன். பெண்கள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மரிகோ அத்தை என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணன் என்ன சொன்னான்? எந்த நேரத்துல உயிர் பிரிஞ்சுதாம்? நாப்பதாம் நாளுக்குப் பாதிரியார்கிட்டச் சொல்லணும்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இப்போதுதான் அத்தை, இந்த நிமிஷம்தான், நீங்கள் அழுது முடித்த பிறகு. நேற்று சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரோடு பேசியிருப்பேன், அவர் எனக்குப் பதில் சொல்லியிருப்பார். அவளை அறைய வேண்டும் என்று இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கை எழுந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க எனக்காகத் தூங்காமல் இருந்து அவள் முகம் வீங்கியிருந்தது. இதை இவளிடம் சொன்னால் இவள் மிச்ச வாழ்க்கையை எப்படி வாழ்வாள் என்று தோன்றியது.

"நேத்து மத்தியானம்" என்றேன்.

"நான் சொல்லல?" அவள் மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "போன் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மறுநாள் விமானம் ஏறி ஊருக்குப் போனேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கர்ட் கேட்டான்: "உலகத்துல ஒரு போன்கூடவா உனக்குக் கிடைக்கல?" பனியில் லைன் அறுந்துவிட்டது என்று சொன்னேன். உன் செய்தி வந்தது, நாங்கள்தான் அவரைச் சாகடித்து வைத்து அழுதுகொண்டிருந்தோம் என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? அவன் நம்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவான். கையெழுத்து மட்டும் இருக்கும்.

பிள்ளைகளுக்காகக் கோர்ச்சாவுக்குத் திரும்பினேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கர்ட் இருக்கும் ஊரில் என்னால் இருக்க முடியவில்லை என்பதும் உண்மை. அத்தை வீட்டிலும் இருக்க முடியவில்லை. ஊரின் அடுத்த கோடியில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். எனக்கு ஆள் கிடைத்துவிட்டான், அதனால்தான் தனியாகப் போகிறேன் என்று அத்தை சந்தோஷப்பட்டு இரண்டு தலையணை தைத்துக் கொடுத்தாள். ஒரு வருஷம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

வருஷம் பல ஆகிவிட்டன. இப்போது இந்த ஊர்தான் என் ஊர். பிப்ரவரியில் அந்தப் புதன்கிழமையின் தேதி வரும்போது மரிகோ அத்தை அப்பாவுக்காகக் கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்து, கோவிலில் "ரோலண்ட்" என்று பேர் சொல்லிப் படைத்துவிட்டு, முட்டிவலியோடு பனியில் ஊரைக் கடந்து எனக்குக் கொண்டுவருவாள். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். அது அப்பா உயிரோடு இருந்த நாள். போனைப் பார்த்தபடி திரும்பிப் படுத்திருந்த நாள். நான் ஒரு கோதுமை மணிகூட விடாமல் சாப்பிடுவேன்.

"அவருக்குச் சேர்ந்திருக்கும்ல?" என்று கேட்பாள் அத்தை.

"சேர்ந்திருக்கும் அத்தை."

மறுநாள்தான் அவர் செத்த நாள். அன்றைக்கு நான் வழக்கம்போல வேலைக்குப் போகிறேன்.